மெசேஜ் போகிறது, கால் போகவில்லை: வெளிநாட்டில் வாட்ஸ்அப் மக்கர் செய்தால் எதைப் பார்ப்பது?

அறந்தாங்கியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருப்பார். துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்று வேலைக்குப் போனவர்கள், சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போனவர்கள், மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகிற அம்மாக்கள். அங்கே போன் பேசாமல் போனால் இங்கே இருக்கிற தம்பியோ மச்சானோ என் கடையில் வந்து நிற்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததை வைத்து, எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். வாட்ஸ்அப்பை வைத்துத்தான் சொல்கிறேன். டெலிகிராம், சிக்னல், வைபருக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

## எதையும் தொடுவதற்கு முன்

ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள். ஊரில் இருக்கும்போது அது சின்ன வேலை. வெளிநாட்டில் அதைச் செய்தால் ஆப் மறுபடியும் ஆறு இலக்கக் குறியீடு கேட்கும், அது உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம் வேலை செய்யாவிட்டால் கணக்கே கைவிட்டுப் போகும். என்னிடம் வருகிற பெரிய சிக்கல்கள் பாதிக்குமேல் இப்படிச் சின்னச் சிக்கலைச் சரிசெய்யப் போய் வந்தவைதான். போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். ஏரோப்ளேன் மோடைப் போட்டுப் பத்து விநாடி விட்டு எடுங்கள். ஆப்பை அப்டேட் செய்யுங்கள். இவை மூன்றும் எந்த ஆபத்தும் இல்லாதவை.

அப்புறம் யாருக்காவது ஒரு மெசேஜ் அனுப்பி, அதன் ஓரத்தில் இருக்கும் குறியைப் பாருங்கள். கடிகாரக் குறி நின்றால் உங்கள் போனை விட்டே மெசேஜ் கிளம்பவில்லை. ஒற்றை டிக் என்றால் உங்கள் பக்கம் சரி, எதிர்ப்பக்கப் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இரட்டை டிக் விழுந்தும் கால் மட்டும் போகாவிட்டால் அது வேறு கதை. கீழே தனித்தனியாக வருகிறது.

## கடிகாரக் குறியே நிற்கிறது, எதுவும் போகவில்லை

வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிகிறது, ஆனாலும் எதுவும் போகவில்லை என்றால் விமான நிலையத்திலோ ஹோட்டலிலோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கெல்லாம் வைஃபையில் சேர்ந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கம் திறக்கும், அதில் அறை எண்ணோ பெயரோ போட்டு 'சம்மதம்' அழுத்த வேண்டும். அந்தப் பக்கம் தானாகத் திறக்காவிட்டால் ப்ரௌசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போங்கள், வந்துவிடும். அப்படியும் வரவில்லையா? அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு மறுபடி சேருங்கள். சில இடங்களில் அந்தப் பக்கமே போனுக்கு ஓடிபி அனுப்பும். ரோமிங் இல்லாத சிம்முக்கு அது வராது. வரவேற்பு மேஜையிலோ விசாரணை கவுண்டரிலோ கேட்டால் வேறு வழி சொல்வார்கள்.

போனின் தேதி தவறு என்று ஆப்பே சொன்னால், தேதி நேர அமைப்பில் தானியங்கி நேரத்தையும் தானியங்கி நேர மண்டலத்தையும் போடுங்கள். பெரியவர்கள் சிலர் இந்திய நேரமும் தெரியட்டும் என்று அதை நிறுத்திவிட்டு முள்ளைக் கையால் திருப்புவதுபோல மணியை மாற்றி வைப்பார்கள். அங்கேதான் பிடிக்கும். இந்திய நேரம் தெரிய வேண்டுமென்றால் கடிகார ஆப்பில் இரண்டாவது ஊராக இந்தியாவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளூர் சிம் போட்டிருந்தால் மொபைல் டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு சிம் போனில் டேட்டா இன்னும் இந்திய சிம்மிலேயே நிற்கும், ரோமிங் அணைந்திருக்கும், அதனால் ஒன்றும் ஓடாது. டேட்டாவைப் புது சிம்முக்கு மாற்றினால் சரி. அதுவும் சரியாக இருந்து இணையம் வரவில்லை என்றால் சிம் வாங்கிய கடையில் ஏபிஎன் அமைப்பை (சிம்மை இணையத்தோடு சேர்க்கும் அமைப்பு) போட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

'இந்த சிம் இந்தப் போனில் செல்லாது' என்கிற மாதிரி வந்தால் அந்தப் போன் ஏதோ ஒரு நெட்வொர்க்குக்குப் பூட்டப்பட்டது. வெளிநாட்டில் தவணையில் வாங்கி ஊருக்குக் கொடுத்தனுப்பிய போன்களில் இது நடக்கும். பூட்டை எடுக்க அந்த நெட்வொர்க் நிறுவனத்தால்தான் முடியும். கடைத்தெருவில் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

## மெசேஜும் போட்டோவும் போகிறது, கால் மட்டும் போகவில்லை

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் என்றால் போனில் கோளாறே இல்லை. அங்கே உள்ளூர் இணையத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. மெசேஜ், போட்டோ, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் தாராளமாகப் போகும். கால் மட்டும் 'கனெக்டிங்' என்று சுற்றிவிட்டு விழுந்துவிடும். புதிதாகப் போனவர்கள் இதைத் தெரியாமல் போனைக் கழற்றி மாட்டி, புது சிம் வாங்கி, கடைசியில் புதுப் போனே வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். மனது கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பகுதியை இவ்வளவு நீட்டுகிறேன்.

அங்கே அனுமதி உள்ள ஆப்களைப் பயன்படுத்துங்கள். போட்டிம் எல்லோருக்கும் தெரிந்தது. கூகுள் மீட், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகியவையும் வேலை செய்யும். எந்த ஆப் ஆனாலும் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். மகன் ஷார்ஜாவில் போட்டிம் போட்டு, அம்மா இங்கே வாட்ஸ்அப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் ரிங் வராது. பயணம் கிளம்புமுன் அம்மா போனிலும் போட்டு, பக்கத்து அறையில் இருந்து ஒரு தடவை பேசிப் பார்த்துவிடுங்கள். பெரியவர்களுக்குப் புது ஆப் வேண்டாம் என்றால் மீட் லிங்க்கை வாட்ஸ்அப் மெசேஜிலேயே அனுப்பலாம், தொட்டால் திறக்கும். அப்படியும் கால் போகாவிட்டால் உங்கள் நெட்வொர்க்கில் இன்டர்நெட் காலிங் பிளான் தனியாக எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

விபிஎன் (நீங்கள் இருக்கும் இடத்தை மறைத்து இணையத்தை வேறு வழியாகத் திருப்பும் ஆப்) போடச் சொல்லி அறை நண்பர்கள் சொல்வார்கள். நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. விபிஎன் வைத்து இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் திர்ஹம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று அந்த நாட்டின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குப் பேசுவதற்காக அந்தச் சட்டத்தின் வாயில் போய் நிற்க வேண்டாம். இலவச விபிஎன்கள் போனில் இருப்பதைத் திருடவும் செய்யும்.

சீனாவில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு மெசேஜே போகாது. வாட்ஸ்அப், சிக்னல் இரண்டும் அங்கே தடை. வீசாட்தான் வழி. ரோமிங்கில் ஓடுகிற இந்திய சிம் என்றால் அதன் டேட்டா சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகத்தான் போகிறது என்பதால் வாட்ஸ்அப் திறக்கும், ஆனால் செலவு அதிகம். ரஷ்யாவில் 2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளைக் கட்டுப்படுத்தினார்கள். பிள்ளை அங்கே படிக்கிறது என்றால் கல்லூரிச் சீனியர்கள் இப்போது எதில் பேசுகிறார்கள் என்று கேட்டு அதையே போடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, இங்கிலாந்து என்றால் நாடு காரணமில்லை, நீங்கள் இருக்கும் வைஃபைதான் காரணம். அலுவலகம், மருத்துவமனை, மாணவர் விடுதி வைஃபைகளில் அழைப்பை மட்டும் அடைத்து வைத்திருப்பார்கள். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பேசிப் பாருங்கள். பேச முடிந்தால் முடிந்தது, போனை நோண்ட வேண்டாம்.

## ரிங்கே வருவதில்லை, மிஸ்டு கால் மட்டும் பிறகு தெரிகிறது

கூப்பிடுகிறவர் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 'காலிங்' என்றே நின்றால் எதிர்ப்பக்கப் போனுக்கு அழைப்பு போகவே இல்லை. அங்கே நெட் இல்லை, அல்லது ஆப் தூங்குகிறது. 'ரிங்கிங்' என்று மாறினால் அழைப்பு போய்விட்டது, அந்தப் போன்தான் சத்தம் போடவில்லை.

சத்தம் போடாததற்கு முதலில் 'டு நாட் டிஸ்டர்ப்' பாருங்கள். ஓர் அம்மா கடைக்கு வந்து உட்கார்ந்து அழுதார். மகன் ஷார்ஜாவில், பத்து நாளாகப் பேசவில்லை, கோபமா தெரியவில்லை என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். பத்து நாளும் இரவு பத்து, பத்தேகால் மணிக்கு மிஸ்டு கால் இருந்தது. அவன் எட்டரைக்கு அறைக்கு வந்ததும் கூப்பிட்டிருக்கிறான்; அங்கே எட்டரை என்றால் இங்கே பத்து. பேத்தி விளையாடும்போது போனில் 'பெட்டைம் மோட்' விழுந்து, இரவு ஒன்பதரைக்குமேல் எந்தச் சத்தமும் வராமல் அடங்கியிருந்தது. மகன் பெயரை விதிவிலக்கில் சேர்த்தோம். கடையிலேயே அவனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் போனார்.

அது இல்லையென்றால் பேட்டரி சேவர். அமைப்பில் ஆப்களைத் திறந்து வாட்ஸ்அப்பின் பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். சில போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனி சுவிட்ச் இருக்கும், அதையும் போடுங்கள். டேட்டா சேவர் ஓடினால் அதிலும் விலக்குக் கொடுங்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதி அணைந்திருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள்.

## நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை

புளூடூத்தை அணையுங்கள். அடுத்த அறையில் சார்ஜில் இருக்கும் இயர்பட்ஸில்தான் உங்கள் மைக் போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு வாட்ஸ்அப்பிலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிந்து கேளுங்கள். பதியவில்லை என்றால் ஆப்புக்கு மைக் அனுமதி கொடுங்கள். பதிந்தது மங்கலாக இருந்தால் போனின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சார்ஜ் ஓட்டைக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். மாவு, விபூதி, பருத்தித் தூசு எல்லாம் அங்கேதான் அடையும். சில பின்கவர்களே அந்தத் துளையை மூடிவிடும். கவரைக் கழற்றி, உலர்ந்த பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும். ஊசியை விடாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் மைக்கையே மாற்ற வேண்டிவரும். சாதாரண போன் காலிலும் இதே கதை என்றால் அது பழுதுக் கடை வேலை.

## குரல் விட்டுவிட்டு வருகிறது

வீடியோவை அணைத்துக் குரலை மட்டும் வையுங்கள். ரௌட்டர் இருக்கும் அறைக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்றொரு சுவிட்ச் உண்டு, போட்டுப் பாருங்கள். எந்த நேரத்திலும் சரியாகவில்லை என்றால் இணைப்பே பலவீனம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுவது நல்லது.

## பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாகத் தெரிகின்றன

புது நாட்டு சிம் போட்டதும் 'எண்ணை மாற்றவா?' என்று ஆப் கேட்டிருக்கும், நீங்கள் ஆமாம் என்று அழுத்தியிருப்பீர்கள். இப்போது நாட்டுக் குறியீடு இல்லாமல் சேமித்த பத்து இலக்க எண்களை ஆப் அந்த நாட்டு எண்களாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் +91 சேர்த்துச் சேமியுங்கள். இலங்கை எண் என்றால் முன்னால் இருக்கும் சுழியை எடுத்துவிட்டு +94. நூறு எண்கள் இருந்தாலும் முக்கியமான பத்தை முதலில் முடித்துவிடுங்கள்.

குறுகிய பயணத்துக்கு எண்ணை மாற்றவே வேண்டாம். சிம் எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப் இந்திய எண்ணிலேயே ஓடட்டும்.

## இலவசம் என்றுதான் பேசினோம், பில் வந்துவிட்டது

வைஃபை நடுவில் விழுந்ததும் போன் இந்திய சிம்மின் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். விமானம் ஏறும்முன்பே டேட்டா ரோமிங்கை அணையுங்கள். ரோமிங் பேக் போட்டிருந்தால் மட்டும் திறந்து வையுங்கள். ஐபோனில் சிம் மாற்றினால் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் எண்ணை உறுதிசெய்ய ஓர் எஸ்எம்எஸ்ஸைத் தாமாக வெளிநாட்டுக்கு அனுப்பும். அதற்குக் காசு பிடிக்கலாம். பெரிய தொகை என்றால் உங்கள் நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் சேவையில் விவரமான பில் கேட்டுப் புகார் பதியுங்கள்.

லேண்ட்லைனுக்கும் பேங்க் எண்ணுக்கும் பேச முடியவில்லையே என்பார்கள். எதிர்முனையில் அதே ஆப் இருந்தால்தான் இலவசம். அதற்காக ஸ்கைப் வைத்திருந்தவர்கள் இனித் தேட வேண்டாம், அது 2025 மே 5-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆபத்து நேரத்தில் இந்த ஆப்களை நம்பாதீர்கள். போனின் சாதாரண டயலில் அமெரிக்காவில் 911, இங்கிலாந்தில் 999, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, எமிரேட்ஸில் போலீசுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998. கிளம்பும்முன் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

## ஆறு இலக்கக் குறியீடு வரவே இல்லை

இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போன ஓர் அம்மாவுக்கு அங்கே புது ஐபோன் வாங்கிக் கொடுத்தார்கள். பழைய சிம்மைப் போட இடம் தேடினால் தட்டே இல்லை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்கள் 14 மாடலில் இருந்து இ-சிம் (போனுக்குள்ளேயே பதியும், தட்டில் போட வேண்டாத சிம்) மட்டும்தான். சிம் தொலையக் கூடாது என்று அந்த அம்மா அதைக் கழற்றி, விபூதி மடித்த காகிதத்துக்குள் வைத்து, பெட்டியின் ஜிப் பையில் போட்டுவிட்டார். புதுப் போனில் வாட்ஸ்அப் குறியீடு கேட்டது. நான்கு மாதமாக ரீசார்ஜும் இல்லை.

வரிசையாகப் பாருங்கள்.

பழைய போன் கையில் இருந்து, அதில் வாட்ஸ்அப் இன்னும் திறந்தால் குறியீடே வேண்டாம். பழைய போனை வைஃபையில் போடுங்கள். புதுப் போனில் எண்ணை அடிக்காமல், 'இன்னொரு சாதனமாக இணை' என்பதைத் தேர்ந்தெடுத்து, திரையில் வரும் கியூஆரைப் பழைய போனின் 'லிங்க்டு டிவைசஸ்' வழியாக ஸ்கேன் செய்யுங்கள். பேசலாம், அனுப்பலாம். ஒரு நிபந்தனை: பழைய போனை 14 நாளுக்குமேல் பயன்படுத்தாமல் விட்டால் புதுப் போன் வெளியே தள்ளப்படும். அதனால் அதைச் சார்ஜ் போட்டு வைஃபையில் வைத்து, அவ்வப்போது வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள்.

பழைய போனில் ஆப் இல்லை, ஆனால் சிம் இருக்கிறது என்றால் சிம்மை அதில் போட்டு டவர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ரோமிங் சேவை திறக்கப்படவில்லை, அல்லது ரீசார்ஜ் முடிந்திருக்கிறது. ஊரில் இருப்பவர் ரீசார்ஜ் செய்து ரோமிங்கைத் திறந்துவிட்டால், போனில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துச் சிறிது நேரம் காத்திருங்கள். எஸ்எம்எஸ் வந்துவிடும்.

ஏற்கெனவே பாஸ்கீ (கைரேகையோ முகமோ காட்டி உள்ளே நுழையும் வழி) போட்டிருந்தாலோ, வாட்ஸ்அப் கணக்கில் ஈமெயில் சேர்த்திருந்தாலோ எஸ்எம்எஸ் இல்லாமலும் உள்ளே போக முடியும். இதை ஊரிலேயே, கிளம்புவதற்கு முந்தைய வாரம் செய்யுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான பின் எண்ணையும் எழுதி வையுங்கள். மறந்து, ஈமெயிலும் சேர்க்காமல் இருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். யார் கேட்டாலும் குறியீட்டைச் சொல்லாதீர்கள், சொந்தக்காரர் எண்ணில் இருந்தே கேட்டாலும்.

ரீசார்ஜ் விஷயத்தில் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். ப்ரீபெய்டு கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். ஆறு மாதப் பயணத்துக்கு இது போதாது. எண் முடங்கி, பிறகு வேறு யாருக்கோ போய்விட்டால் உங்கள் வாட்ஸ்அப்பும் பேங்க் ஓடிபியும் அவர் கைக்குப் போகும். போகும்முன் நீண்ட நாள் ரீசார்ஜ் போடுங்கள். இன்னொன்று: பதிந்த சிம் போனில் இருந்தால்தான் மெசேஜ் ஆப் இயங்க வேண்டும் என்று நம் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. ஆகவே சிம்மைக் காகிதத்தில் மடிக்காமல், போனின் இரண்டாவது இடத்தில் விட்டுவையுங்கள். இ-சிம் போனுக்கு மாறப்போகிறீர்கள் என்று தெரிந்தால் இந்திய எண்ணை இங்கேயே இ-சிம்மாக மாற்றிக்கொண்டு போங்கள்.

நியூ ஜெர்சி அம்மாவுக்குப் பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் உயிரோடு இருந்தது. முதல் வழியிலேயே முடிந்தது. மருமகன் அந்தப் போனைச் சமையலறை மேடையில் சார்ஜில் வைத்துவிட்டார். இங்கே தம்பி ரீசார்ஜ் போட்டார்.

சிம் தொலைந்தே போனால் இது உங்களாலோ என்னாலோ ஆகிற வேலை இல்லை. நெட்வொர்க் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாளச் சான்றோடு கேட்டால்தான் டூப்ளிகேட் கொடுப்பார்கள்; அதனால் எண் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பல அம்மாக்களின் எண் மகன் பெயரில் இருக்கிறது. டூப்ளிகேட் சிம் உயிர் வந்த பிறகும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அந்த ஒரு நாள் குறியீடு கேட்காமல் பொறுங்கள். கேட்டுக் கேட்டு அழுத்தினால் ஆப் காத்திருப்பு நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். மறுநாள் ஒரே ஒரு தடவை கேளுங்கள்.